மலைக்கும் விளி உண்டு

உலகின் மிக உயரமான மலை, அந்தப் பெயர் வேண்டாம் என்று தயங்கிய மனிதரின் பெயரைச் சுமந்து நிற்கிறது. கணக்கேட்டில் பதினைந்தாம் எண் சிகரம் என்று மட்டுமே இருந்த அந்த மலைக்கு, 1856-இல் இந்திய நில அளவைத் துறையின் தலைவர் ஆண்ட்ரூ வா, தமக்கு முன் அந்தப் பதவியில் இருந்த ஜார்ஜ் எவரெஸ்ட்டின் பெயரை முன்மொழிந்தார். நேபாளமும் திபெத்தும் வெள்ளையருக்குக் கதவடைத்திருந்ததால் உள்ளூர்ப் பெயரைக் கண்டறிய முடியவில்லை என்பது அவர் சொன்ன காரணம். மறு ஆண்டே எவரெஸ்ட் லண்டனில் தம் மறுப்பைச் சொன்னார். தம் பெயரை இந்தியிலோ பாரசீகத்திலோ எழுத முடியாது, அந்த நாட்டு மக்களால் உச்சரிக்கவும் முடியாது என்றார். உள்ளூரில் வழங்கும் பெயரைக் கேட்டறிந்து அதையே வரைபடத்தில் எழுதுவது அவர் காலத்தில் அந்தத் துறை கைக்கொண்ட முறையும்கூட. ஆனாலும் 1865-இல் லண்டனின் அரச புவியியல் கழகம் வா சொன்ன பெயரையே உறுதி செய்தது. அடுத்த ஆண்டு எவரெஸ்ட் காலமானார். அந்த மலையை அவர் ஒருமுறையேனும் கண்ணால் கண்டதற்குச் சான்று இல்லை. அவருடைய குடும்பத்தார் அந்தப் பெயரை ‘ஈவ்ரெஸ்ட்’ என்றே உச்சரித்தார்கள். உலகம் உச்சரிப்பது அவர் பெயரைக்கூட அல்ல.

அவருடைய மறுப்பைப் பணிவு என்று பாராட்டிவிட்டுக் கடந்துபோவது எளிது. எனக்கு அதில் ஒரு தத்துவ நுட்பம் தெரிகிறது. தம் பெயர் மலையின் தன்மையைச் சொல்லவில்லை என்று அவர் வாதாடவில்லை. மலையின் அருகே வாழ்கிறவர்களின் நாவில் இது ஏறாது என்றார். ஒரு பெயர் எந்த இடத்தில் பெயராகிறது என்பதை அவர் தொட்டுவிட்டார் என்று நினைக்கிறேன். மனிதன் தோன்றுவதற்குக் கோடிக்கணக்கான ஆண்டுகள் முன்பே எழுந்து நின்ற ஒன்றுக்கு நாம் ஒரு சொல்லைச் சூட்டுகிறோம். அந்தச் சொல் எந்த உரிமையில் அதனுடைய பெயர் ஆகிறது? நேற்றுப் பிறந்த குழந்தைக்குப் பெயர் வைக்கத் தாய் தந்தைக்கு உரிமை உண்டு. மலைக்கு நாம் பெற்றோர் அல்ல. இதைப் புவியியல் குழுக்கள் தீர்க்க வேண்டிய நிர்வாகச் சிக்கல் என்று ஒதுக்கிவிட முடியாது. நம்மைவிடப் பெரிதாகவும் பழையதாகவும் இருக்கும் ஒன்றை நோக்கி நாம் எந்த நிலையில் நின்று வாய் திறக்கிறோம் என்ற கேள்வி இதற்குள் இருக்கிறது. சமயங்கள் எல்லாம் தங்களுக்குள் கேட்டுக்கொண்ட கேள்வியும் அதுதான்.

நம் இலக்கணம் பெயர்களைக் காரணப்பெயர் என்றும் இடுகுறிப்பெயர் என்றும் பிரிக்கும். மலைகளைப் பொறுத்தவரை காரணப்பெயர்தான் உடனே மனத்தைக் கவர்கிறது. ஹவாயின் மௌனா கேயா வெள்ளை மலை. மௌனா லோவா நீண்ட மலை. மெக்சிகோவின் போபோகாட்டெபெட்ல் என்பதற்கு நாவாட் மொழியில் புகையும் மலை என்று பொருள். தான்சானியாவின் ஓல் டோயின்யோ லெங்காய் மாசாய் மக்களுக்குக் கடவுளின் மலை. எரிமலை என்ற நம் சொல்லும் பொருள் வெளிப்படையாகத் தெரியும் சொல்தான். ஐரோப்பிய மொழிகள் வேறு வழியில் போயின: சிசிலிக்கு வடக்கே, ரோமானியரின் கொல்லுத் தெய்வமான வுல்கனின் பட்டறை இருப்பதாக நம்பப்பட்ட வுல்கானோ என்ற ஒற்றைத் தீவின் பெயரை எல்லா எரிமலைகளுக்கும் பொதுப்பெயராக்கிக்கொண்டன. காரணப்பெயருக்குள் அறிவு சேமித்து வைக்கப்பட்டிருக்கும் என்பதற்கு அமெரிக்காவின் மேற்குக் கரையில் ஒரு கசப்பான சான்று உண்டு. அங்கே கௌலிட்ஸ் மக்கள் லாவெட்லாட்லா, அதாவது புகைப்பது, என்று அழைத்துவந்த மலைக்கு, 1792-இல் கப்பல் தலைவர் ஜார்ஜ் வான்கூவர், ஸ்பெயினில் பிரிட்டனின் தூதராக இருந்த செயின்ட் ஹெலன்ஸ் பிரபுவின் பெயரைச் சூட்டினார். 1980 மே 18 அன்று அந்த மலை வெடித்தபோது 57 பேர் இறந்தார்கள். புகைப்பது என்ற பெயர் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்த செய்தி, தூதரின் பெயரில் இல்லை. அதே பயணத்தில் வான்கூவர் இன்னொரு எரிமலைக்குத் தம் நண்பரான கடற்படைத் தளபதி பீட்டர் ரெய்னியரின் பெயரை வைத்தார். ரெய்னியர் அந்த மலையைப் பார்த்ததே இல்லை. அவர் வந்தது நம் கடலுக்கு: 1795-இல் திருகோணமலைக் கோட்டையை டச்சுக்காரரிடமிருந்து கைப்பற்றிய பிரிட்டிஷ் கடற்படைக்குத் தலைமை தாங்கியவர் அவர்தான். அமெரிக்க மலையொன்று தன் பெயரை இழந்து அவர் பெயரைப் பெற்ற மூன்றே ஆண்டுகளில், பெயரிலேயே மலையை வைத்திருக்கும் ஊர் ஒன்றின் வாசலில் அவர் பீரங்கியோடு நின்றார் என்பது என்னை உறுத்தாமல் விடுவதில்லை.

இருந்தும், காரணம்தான் பெயரை மலையோடு கட்டிவைக்கிறது என்று முடிவுகட்ட முடியாது. மௌனா கேயாவின் உச்சி கோடையில் வெறும் பழுப்புப் பாறை. பெயர் அப்போதும் வெள்ளை மலைதான். போபோகாட்டெபெட்ல் பல பத்தாண்டுகள் அடங்கிக் கிடந்து 1994 டிசம்பரில்தான் மறுபடி விழித்தது; அடங்கிக் கிடந்த காலத்திலும் அது புகையும் மலைதான். ஜான் ஸ்டூவர்ட் மில் 1843-இல் இதையே டார்ட்மவுத் என்ற ஊரை வைத்துச் சொன்னார். டார்ட் ஆற்றின் முகத்துவாரத்தில் இருப்பதால் வந்த பெயர் அது. நாளை ஆறு திசைமாறிப் போனாலும் ஊரின் பெயர் பொய்யாகிவிடாது. ஆகவே சிறப்புப்பெயர் ஒரு பொருளைச் சுட்டும், அதைப் பற்றி எதையும் சொல்லாது என்பது மில்லின் முடிவு. நம் சொல்லில், எல்லாச் சிறப்புப்பெயரும் கடைசியில் இடுகுறியே. 1970-இல் சால் கிரிப்கி இந்தக் கருத்தை இன்னும் கூர்மையாக்கினார். யாரோ ஒருவர் முதலில் பெயர் வைக்கிறார். அவரிடமிருந்து கேட்டவர், அவரிடமிருந்து கேட்டவர் என்று அது சங்கிலியாகக் கைமாறி நம்மிடம் வருகிறது. அந்தச் சங்கிலியே பெயரைப் பொருளோடு இணைக்கிறது. தர்க்கமாக இதில் பெரிய ஓட்டை இல்லை. இதை அப்படியே ஏற்றால் எவரெஸ்ட் என்ற பெயரில் குறை காண இடமில்லை: வா பெயர் வைத்தார், உலகம் வாங்கிக்கொண்டது, சங்கிலி அறுபடவில்லை.

ஆனால் இந்த வழக்கில் இன்னொரு சாட்சி இருக்கிறார். கோட்லோப் ஃப்ரெகே 1914-ஐ ஒட்டி எழுதிய ஒரு கடிதத்தில், பெயரைப் பற்றிப் பேச மலையையே எடுத்துக்கொண்டார். ஒரு பயணி வடக்கே அடிவானத்தில் பனி மூடிய மலையைக் காண்கிறான். அங்குள்ளவர்களைக் கேட்டு அதன் பெயர் ஆஃப்லா என்று தெரிந்துகொள்கிறான். வேறொருவன் தெற்கே ஒரு பனிமலையைக் காண்கிறான். அதன் பெயர் ஆட்டெப் என்று சொல்கிறார்கள். இரண்டும் ஒரே மலை என்பது பின்னால்தான் தெரியவருகிறது. அப்படித் தெரியவருவது புதிய அறிவு. பெயர் சுட்டுவதோடு சரி என்றால் அதில் புதிதாக அறிய ஒன்றும் இருந்திருக்காது. ஒவ்வொரு பெயரும் பொருளை ஒரு பக்கத்திலிருந்து காட்டுகிறது என்றார் ஃப்ரெகே. அவர் கற்பனையாகச் சொன்னது இமயத்தில் முன்பே நடந்திருந்தது. 1733-இல் பிரான்சில் தான்வீல் வெளியிட்ட திபெத் வரைபடத்தில், லாமாக்கள் அளந்து கொடுத்த விவரங்களின் வழியே, சோமோலுங்மா என்ற தெய்வப் பெயர் ஏறியிருந்தது. நூற்றிருபது ஆண்டுகள் கழித்து, தெற்கே சமவெளியில் ஏறத்தாழ 170 கிலோமீட்டருக்கு அப்பால் கருவியை நிறுத்திக் கோணம் பார்த்தவர்களின் அளவுகளிலிருந்து ராதாநாத் சிக்தார் அதன் உயரத்தைக் கணக்கிட்டார். வடக்கே தெய்வம், தெற்கே எண். நின்றதோ ஒரே மலை. ஃப்ரெகேயின் உவமையில் என்னைப் பிடித்து நிறுத்துவது சிறிய விஷயம்தான். அவருடைய கற்பனைப் பயணிகள் இருவரும் பெயரை உருவாக்கவில்லை, ஊர்க்காரர்களைக் கேட்கிறார்கள்.

காரணமும் இடுகுறியும் பெயரை ஒரு வாக்கியத்தின் உள்ளே வைத்துப் பார்க்கின்றன: மலை உயரமானது, மலை அங்கே இருக்கிறது என்று மலையைப் பற்றிப் பேசும்போது பெயர் என்ன செய்கிறது என்பதே அவற்றின் கவலை. பெயருக்கு வேறொரு வேலையும் உண்டு. தொல்காப்பியர் அதற்கென்று சொல்லதிகாரத்தில் ஓர் இயலையே ஒதுக்கி விளிமரபு என்று பெயரிட்டார். எட்டாம் வேற்றுமையான விளியில் பெயர் ஒன்றைப் பற்றிப் பேசுவதில்லை. அதை நோக்கிப் பேசுகிறது. உயர்திணைப் பெயர்கள் விளியேற்கும் முறைகளை விரிவாகச் சொன்ன பிறகு, அஃறிணைப் பெயர்களுக்கும் விளிக்கும் வேளை வந்தால் ஏகாரம் சேரும் என்று அவர் சொல்கிறார். கேளாதவற்றைக் கேட்பவை போலவும், பேசாதவற்றைப் பேசுபவை போலவும் வைத்துச் சொல்லும் வழக்கை நன்னூலாரும் ஏற்கிறார். இலக்கணம் இங்கே மலைக்குக் காது இருக்கிறது என்று சொல்லவில்லை. ‘மலையே’ என்று அழைக்கத் தோன்றும் வேளை மனிதனுக்கு வரும் என்பதையும், அது பிழையல்ல என்பதையும் மட்டும் சொல்கிறது. என் வாதம் இதுதான்: ஒரு சொல் மலையின் பெயராவது, அந்த மலைக்கு அஞ்சியும் அதை நம்பியும் வாழ்கிறவர்கள் அதை அந்தச் சொல்லால் விளிக்கும்போது. போபோகாட்டெபெட்லின் அடிவாரக் கிராமத்தினர் அந்த மலையை ‘டான் கோயோ’ என்கிறார்கள். கிரகோரியோ என்ற பெயருடைய ஒரு முதியவரை மரியாதையும் உரிமையும் கலந்து கூப்பிடும் முறை அது. மார்ச் 12, புனித கிரகோரியின் நாளில், உணவும் உடையும் எடுத்துக்கொண்டு மலையேறிப் போய் அவருக்குப் படைக்கிறார்கள். மனிதர் கால் வைக்காத இடத்திலும் இந்தப் பழக்கம் விடவில்லை. 1979-இல் வாயேஜர் விண்கலம் வியாழனின் துணைக்கோளான ஐயோவில் எரிமலைகளைக் கண்டது. எண்களால் குறித்துவிட்டுப் போயிருக்கலாம். வானியலாளர்கள் அவற்றுக்கு நெருப்பு, இடி, சூரியத் தெய்வங்களின் பெயர்களை உலகெங்குமிருந்து தேடி வைத்தார்கள். அவற்றில் ஒன்று ஹவாயின் எரிமலைத் தெய்வமான பெலே.

இதற்கு ஓரிறைச் சமயங்கள் ஆட்சேபம் சொல்லும்: படைப்பை நோக்கிப் பேசுவது படைத்தவனுக்கு உரியதைப் பறிப்பது. இந்த ஆட்சேபத்தை நான் மதிக்கிறேன். 1824-இல் ஹவாயின் தலைவி கபியோலானி, பெலேயின் சினத்துக்கு அஞ்சாமல் கிலாவேயாவின் எரிவாய்க்குள் இறங்கிக் கிறிஸ்தவ ஜெபம் செய்து திரும்பினார். அது சாதாரணத் துணிவல்ல. ஆனால் அவர் பெலேயை மறுத்தாரே தவிர, கிலாவேயாவுக்கு வேறு பெயர் வைக்கவில்லை. விளிப்பது வேறு, வணங்குவது வேறு என்பதை அந்தச் சமயங்களின் நூல்களே காட்டுகின்றன. எசேக்கியேல் தீர்க்கதரிசிக்கு இஸ்ரவேலின் மலைகளை நோக்கிப் பேசும்படி கட்டளை வருகிறது. உஹது மலையைப் பார்த்து, அது நம்மை நேசிக்கிறது, நாமும் அதை நேசிக்கிறோம் என்ற கருத்தில் நபிகள் கூறியதாக ஹதீஸ் உண்டு. ஆதியாகமத்தில் ஆதாம் பெயரிட்டது கால்நடைகளுக்கும் பறவைகளுக்கும் காட்டு விலங்குகளுக்கும்தான். மலைகள் அந்தப் பட்டியலில் இல்லை. எதிர்த்திசையில் அத்வைதம் நின்று, நாமமும் ரூபமும் தோற்றமே, அவற்றில் என்ன இருக்கிறது என்று கேட்கும். அதற்கு விடை திருவண்ணாமலையில் இருக்கிறது. ரமணர் அந்த மலையைக் காண்பதற்கு முன்பே, ஓர் உறவினர் வாயிலிருந்து அருணாசலம் என்ற பெயரைக் கேட்டுச் சிலிர்த்தவர். 1896-இல் அங்கே வந்தவர் 1950-இல் உடல் நீங்கும்வரை மலையை விட்டு அகலவில்லை. பெயரும் உருவும் கடந்த ஒன்றையே உண்மை என்று சொன்ன அவர், அட்சர மணமாலையின் 108 கண்ணிகளிலும் அந்த மலையைப் பெயர் சொல்லி விளித்தார். ஞானி ஒருவர் நாமத்தைத் தோற்றம் என்று அறிந்தபின்னும் அதைச் சொல்லி அழைக்கிறார் என்றால், அழைப்புக்கு அறிவு சாராத ஓர் உண்மை இருக்கத்தான் வேண்டும்.

விளிப்பவர்கள் செத்துப்போகிறார்களே என்பது இதைவிடக் கனமான ஆட்சேபம். ஜாவாவின் மெராபி எரிமலைக்குக் காவலராக யோக்யகர்த்தா அரசரால் அமர்த்தப்பட்ட மரிஜான், 2010 அக்டோபரில் அதிகாரிகள் வெளியேறச் சொன்னபோதும் தம் ஊரைவிட்டுப் போகவில்லை. 26-ஆம் தேதி இறங்கிவந்த அனல்மேகத்தில் இறந்தார். அந்த வெடிப்பில் மொத்தம் 300-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். மலையோடு பேசலாம் என்ற நம்பிக்கை உயிரைக் குடித்தது என்று இதைச் சொல்பவர்களிடம் எனக்குக் கோபம் இல்லை. ஆயினும் செயின்ட் ஹெலன்ஸ் அடிவாரத்தில் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் விடுதி நடத்திவந்த 83 வயது ஹாரி ட்ரூமனும் வெளியேற மறுத்தே 1980-இல் இறந்தார். அவர் எந்தத் தெய்வத்தின் பூசாரியும் அல்லர். இருவரும் மலையை நெடுங்காலம் அறிந்தவர்கள். இருவரும் அது என்ன செய்யும் என்று தமக்குத் தெரியும் என்று நம்பினார்கள். அழைத்தவன் பதிலைக் கேட்கக் கடமைப்பட்டவன். பதில் இன்னதாகத்தான் இருக்கும் என்று முன்கூட்டியே தீர்மானிப்பவன் அழைப்பதை நிறுத்திவிட்டான். நிலநடுக்கமானியும் வாயுமானியும் வைத்து மலை சொல்வதைக் கேட்கும் அறிவியலாளர், இந்த வகையில், பழைய பூசாரிக்குப் பகைவர் அல்லர்.

பழங்குடிகள் வைத்தால் நல்ல பெயர், வெள்ளையர் வைத்தால் கெட்ட பெயர் என்று நான் சொல்வதாக யாரேனும் நினைத்தால் அது தவறு. நேபாளத்தின் சாகர்மாதா என்ற பெயர் பழமையானதல்ல. 20-ஆம் நூற்றாண்டில் வரலாற்றாசிரியர் பாபுராம் ஆசார்யா முன்வைத்தது. காரகோரத்தில் 1856-இல் மான்ட்கோமரி தம் குறிப்பேட்டில் கே1, கே2 என்று எழுதினார். கே1-க்கு மாஷர்ப்ரம் என்ற உள்ளூர்ப் பெயர் கிடைத்துவிட்டது; கே2-க்குக் குறியீடே நிலைத்தது. இன்று பால்டி மக்கள் அதையே ‘கேட்டூ’ என்று தங்கள் சொல்லாக்கிக்கொண்டு புழங்குகிறார்கள். அந்த மலையில் கூட்டாளிகளை இழந்தவர்களின் வாயில் அந்தக் குறியீடு என்றோ பெயராகிவிட்டது. ஜாவாவின் ப்ரோமோ, நம் பிரம்மாவின் பெயரைச் சுமக்கிறது; செமேரு, மேருவின் பெயரைச் சுமக்கிறது. கடல் கடந்துபோன சொற்கள்தான். ஆனாலும் தெங்கர் மக்கள் கசாடா விழாவில் எரிவாயில் காய்கனிகளை எறிந்து வேண்டிக்கொள்ளும்போது அது அவர்களுடைய பெயர். சென்னையில் போர்த்துகீசியர் புனித தோமாவின் பெயர் வைத்த குன்றை, வந்தவர்களையே அடையாளமாக்கிப் பரங்கிமலை என்று நம்மவர்கள் அழைத்தார்கள். எவரெஸ்ட்டை அளந்து முடித்த அந்த மாபெரும் அளவைப் பணியை வில்லியம் லாம்டன் 1802 ஏப்ரல் 10 அன்று தொடங்கியது அங்கேதான். பெயர் எங்கிருந்து வந்தது என்பது சோதனை அல்ல. யார் வாயில் வாழ்கிறது என்பதே சோதனை.

பல வாய்கள் இருந்தால் என்ன செய்வது? இலங்கையின் நடுவே 2,243 மீட்டர் உயரத்தில் நிற்கும் மலையைத் தமிழர் சிவனொளிபாதமலை என்கிறார்கள். சிங்களர் ஸ்ரீபாத, சமனல என்கிறார்கள். முஸ்லிம்கள் பாவா ஆதமின் மலை என்கிறார்கள். உச்சியில் உள்ள ஒரே சுவட்டில் ஒருவர் சிவனையும், ஒருவர் புத்தரையும், ஒருவர் ஆதமையும் காண்கிறார். சொத்துப் பத்திரத்தில் ஒரு நிலத்துக்கு ஒரு பெயர்தான் இருக்க முடியும். விளிப்பெயர் உறவுமுறை போன்றது. ஒரே பெண்ணை ஒருவர் அம்மா என்பார், ஒருவர் அத்தை என்பார், ஒருவர் சித்தி என்பார். எது சரியான பெயர் என்று அந்த வீட்டில் யாரும் வழக்குப் போடுவதில்லை. உறவை உரிமை மூலமாக மாற்றும்போதுதான் மலையின் பெயரில் சண்டை பிறக்கிறது. இலங்கை உட்பட எங்கும் அது நடந்திருக்கிறது. ஆஸ்திரேலியாவின் உலுரு 1873-இல் தெற்கு ஆஸ்திரேலியாவின் அரசியல் தலைவர் ஹென்றி அயர்ஸின் பெயரைப் பெற்றது. 1993-இல் இரட்டைப்பெயர் வந்தது, 2002-இல் வரிசை மாறி உலுரு முன்னால் வந்தது. நிதானமான அந்த நகர்வை நான் வரவேற்கிறேன். ஒரு பெயரை அழித்து இன்னொன்றை வைப்பதைவிட, இத்தனை காலம் இன்னொருவர் அழைத்துக்கொண்டிருந்ததைக் கேட்டோம் என்று ஒப்புக்கொள்வது அதில் இருக்கிறது.

2025 ஜனவரியில் இரண்டு நாடுகள் பத்து நாள் இடைவெளியில் இரண்டு மலைகளுக்கு எதிரெதிரானதைச் செய்தன. நியூசிலாந்தில் 1770-இல் கேப்டன் குக், முன்னாள் கடற்படை அமைச்சர் எக்மண்ட் பிரபுவின் பெயரைச் சூட்டிய எரிமலை, ஜனவரி 30 அன்று நிறைவேறிய சட்டத்தால் தாரானாகி மௌங்கா என்ற ஒரே பெயருக்குத் திரும்பியது. அதே சட்டம் அந்த மலையை உரிமைகளும் கடமைகளும் உள்ள சட்டபூர்வ நபராக ஏற்றது. மாவோரி மக்களுக்கு அது மூதாதை. மூதாதையைப் பற்றி மட்டும் பேசுவதில்லை, அவரோடும் பேசுவார்கள். அமெரிக்காவில், அலாஸ்காவின் கோயுகான் மக்கள் உயர்ந்தது என்ற பொருளில் டெனாலி என்று அழைத்துவந்த மலைக்கு, 1896-இல் தங்கம் தேடிப்போன வில்லியம் டிக்கி, அதிபர் தேர்தல் வேட்பாளராக இருந்த மெக்கின்லியின் பெயரை வைத்தார். மெக்கின்லி அலாஸ்காவுக்கு வந்ததே இல்லை. அலாஸ்கா மாநிலம் 1975 முதல் கேட்டு, 2015-இல் அதிபர் ஒபாமா பழைய பெயரை மீட்டார். 2025 ஜனவரி 20 அன்று அதிபர் ட்ரம்ப்பின் ஆணை அதை மறுபடி மெக்கின்லி ஆக்கியது. வாஷிங்டனின் வரைபடத்தில் மலை இன்று மெக்கின்லி. அதைச் சுற்றியுள்ள தேசியப் பூங்காவின் பெயரை அந்த ஆணை தொடவில்லை, அது டெனாலிதான். ஆற்றங்கரைக் கிராமங்களில் மேகம் விலகி மலை தெரியும் நாளில் அதைப் பார்த்துச் சொல்லும் சொல்லும் டெனாலிதான்.